தொர்கில்லின் மூளைக்குள் கொள்ளையா, பழுது வேலையா?

ஓடென்சே நகரிலுள்ள எங்கள் ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் தொர்கில்லும் போடிலும் பதினெட்டு வருடமாக ஒரே சண்டையைத்தான் போட்டார்கள். பக்கவாதம் வந்த மூளைக்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் என்ன செய்கின்றன? சூறையாடுகின்றன என்பார் தொர்கில். குப்பையை அள்ளிப் பழுது பார்க்கின்றன என்பார் போடில். ஆய்வக எலிகளைப் பார்த்துக்கொள்ளும் நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டில் தொர்கில், "உன் செல்லுங்க எல்லாம் திருட்டுக் கூட்டம்" என்று ஆரம்பித்தார். அடுத்து, "வெண்ணெய்... ஏணி... வெண்ணெய்" என்றார். முள்கரண்டி நழுவி மீன்மேல் விழுந்தது.

நான் சிரித்துவிட்டேன். போடில் சிரிக்கவில்லை.

"யோவ், எங்க, கொஞ்சம் சிரி பாப்போம்."

வாயின் வலப்பக்கம் தொங்கியது. வலக்கையும் எழவில்லை. போடில் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறிவிட்டது.

மறுநாள் தொர்கில், குடிக்கத் தண்ணீர் வேண்டி, நர்ஸிடம் சைக்கிள் கேட்டார். போடிலைக் கண்டதும் தலையைத் தொட்டுக்காட்டி, "உள்ள... கொள்ளை" என்றார்.

"மூளை அடிபட்டும் கொழுப்பு போகல பாரு!" என்றார் போடில். பிறகு வராந்தாவுக்கு வந்து, என் தோளில் சாய்ந்து அழுதார்.

மூன்றாவது வாரம் பேச்சு ஓரளவு திரும்பியது. நோயாளிகளின் மூளையில் அந்தச் செல்களைப் படமெடுக்கும் தன் ஆய்வில் சேரச் சொல்லி போடில் அவரைக் கேட்டார்.

"எலி கெடைக்கலயா உனக்கு?"

"எலிங்க எதுத்துப் பேசாதுங்களே, அதான்!"

தொர்கில் இடக்கையால் கையெழுத்துப் போட்டார்.

படத்தில், சேதமான இடத்தைச் சுற்றிச் செல்கள் வெளிச்சமாகக் குவிந்திருந்தன.

"பாத்தியா, எவ்ளோ கூட்டம்! கொள்ளைதான்."

"கொள்ளைன்னா உனக்கு எப்படிய்யா பேச்சு வந்துச்சு?"

"மருந்துல வந்துச்சு."

படமெடுத்த டாக்டர் சிக்னே மெதுவாக, "கூடியிருக்குன்னுதான் படம் சொல்லுது. என்ன செய்யுதுன்னு சொல்லலயே" என்றார்.

"நீ சும்மா இரும்மா!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆனால் தொர்கில் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, முதல்ல கொள்ளை, அப்புறம் பழுது வேலைன்னு சேந்து எழுதலாமா?" என்றார். போடில் உடனே நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

அந்த மாற்றம் நடப்பது நான்காம் நாளா, பத்தாம் நாளா என்பது இப்போதைய சண்டை. நடுவில் தொர்கில் ஏதாவது சொல்லைத் தேடித் திணறினால், போடில் வாய் திறக்காமல் காத்திருப்பார். சொல் கிடைத்ததும் சண்டையை விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்.