பார்த்து எழுதியது

வீட்டுப்பாட நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'மிக நன்று'. கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று. இது எப்படி என்று கன்னியம்மாளுக்கு விளங்கவில்லை. மகள் சுசித்ரா பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் தறி முதலாளி ஜெகநாதன் வீட்டுக்குப் போய்விடுவாள். பி.எஸ்சி. முடித்த அவர் மகள் அனுசுயா கணக்கு, அறிவியல், இங்கிலீஷ் எல்லாம் சொல்லித் தருகிறாளாம், அதுவும் சும்மா. கன்னியம்மாள் ஓட்டுவதும் அவர்கள் தறியைத்தான்.

முப்பத்தாறு வயதில் தறியில் ஒட்டும் நூல் கணக்குச் சீட்டைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் அவளே எழுத்துப் படித்தாள். அதனால் மகள் வீட்டில் ஒரு சீட்டைப் பார்த்து எழுதுவதையும் படிப்பு என்றே நம்பியிருந்தாள்.

அன்று ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குப் போக வேண்டிய மஞ்சள் துண்டு பாதியில் நின்றது. தறிச் சத்தம் அடங்கியதும் பக்கத்திலிருந்த முதலாளி வீட்டுப் பின்கட்டில் ராட்டைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள்.

ஆறு பிள்ளைகள் யூனிபாரத்தோடு உட்கார்ந்து ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தன. அனுசுயா நாற்காலியில் சாய்ந்து, ஆளுக்கொரு சீட்டில் விடைகளை விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"இன்னா இன்னா? வூட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிக்குதுங்க. சும்மா வருமா?"

"சொல்லித் தரேன்னுதானே சொன்னீங்க."

"உம் பொண்ணுக்குச் சொல்லித் தர்ற நேரத்துக்கு மலைப்படி மொத்தமும் ஏறி எறங்கிடலாம்."

பிள்ளைகள் சிரித்தன. கன்னியம்மாள் மகளின் ராட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "எழுந்துரு."

"வரமாட்டேன்." சுசித்ராவின் விரலெல்லாம் மஞ்சள் சாயம். "நாளைக்கு நோட்டு வைக்கலன்னா வெளிய நிக்க வைப்பாங்க. நீயா எழுதித் தருவ? உனுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. எழுந்துரு."

"இட்டுகினு போ," என்றாள் அனுசுயா. "நாளைக்கு உன் தறியில வேற ஆள் நிக்கும். நைனாகிட்ட நானே சொல்லிடறேன்."

"ஆங், சொல்லுங்க. மலையில துண்டு வாங்கறவங்ககிட்டயும் சொல்லுங்க, யார் யார் தார் சுத்துனாங்கன்னு."

சுசித்ரா தனக்கு எழுதிய சீட்டைப் பறித்துக்கொண்டு எழுந்தாள்; வழியெல்லாம் பத்தடி முன்னாலேயே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் புத்தகத்தைத் தாயின் காலடியில் எறிந்தாள்.

"இந்தா, முதல் கணக்கு. சொல்லிக் குடு."

கன்னியம்மாள் மகளின் கைக்குள் மடங்கியிருந்த சீட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"நீயெல்லாம் அம்மாவா? நாளைக்கு நான் வெளியதான் நிக்கணும்."

"நில்லு. நானும் வந்து நிக்கறேன். ஒண்ணுமே தெரியாது, பார்த்துத்தான் எழுதனேன்னு வாத்தியார்கிட்ட உன் வாயால சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லித் தரச் சொல்லிக் கேளு. தறிதான் போச்சே, எனக்கு நேரம் கெடக்கு."

"நீ வராத. அவமானம்."

"வருவேன்."