கோங் விழுவதற்குள்

எங்கள் ஊர்க் கமெலான் வாத்தியக் கோஷ்டியில் கோங் என்கிற பெரிய வெண்கல வட்டை அடிக்கிறவன் நான், சகிமான். வேலை என்னவென்றால், பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பது. பாட்டு ஒரு சுற்று முடிகிற இடத்தில் ஒரே ஒரு அடி. அதுவும் தாளத்தோடு ஒட்டி விழக்கூடாது, ஒரு மூச்சு தள்ளி விழ வேண்டும். பெரிய பாட்டென்றால் சுற்றுக்கு மூன்று நிமிஷம் பிடிக்கும். "தூங்குறதுக்குன்னே ஒரு வாத்தியம்" என்பான் மத்தளக்காரன் வாகியோ. எல்லாம் பொறாமை.

அன்று கிளாத்தென் பக்கம் ஊர்த்தலைவர் வீட்டில் பகல் கல்யாணம். கோங்குக்குப் பின்னால் மூங்கில் தட்டி, தட்டிக்கு அந்தப் பக்கம் சமையல். சமையல் பொறுப்பு வாகியோவின் அக்கா ரூபினெம். புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். நானும் மனைவியை இழந்தவன். அவளிடம் கேட்டுவிடுவது என்று ஆறு கல்யாணங்களாக நினைத்து, ஆறிலும் பயந்து திரும்பியிருக்கிறேன். தட்டியில் கை நுழைகிற அளவு ஓட்டை இருந்தது. அதன் வழியாக எனக்கு டீ வந்தது. ஆனால் பக்கத்தில் இரண்டு பாடகிகள் காதைத் தீட்டி வைத்திருக்கும்போது ஓட்டை வழியாகவா கல்யாணம் பேசுவது?

பெரிய பாட்டு தொடங்கியது. முதல் அடியைப் போட்டுவிட்டு, கோலைத் தட்டியோரம் சாய்த்துவிட்டு எழுந்தேன். வாத்தியத்தைக் காலால் தாண்டக்கூடாது, அதற்குள் குடியிருக்கும் ஆவிக்கு அவமரியாதை. எனவே குனிந்து, வளைந்து, பந்தலையே சுற்றிச் சமையல் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

ரூபினெம் சோயாத் தெம்பே வில்லைகளை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டீதான் குடுத்தேனே."

"டீக்கு வரல. என்னைக் கட்டிக்கிறியா?"

கரண்டி நின்றது. "அங்க பாட்டு ஓடிட்டிருக்கு. இதான் நேரமாய்யா உனக்கு?"

"ஆறு கல்யாணமா நேரம் பாத்துட்டேன்."

"கோங் நேரத்துக்கு விழட்டும், கட்டிக்கிறேன். விழலேன்னா இந்தப் பேச்சையே எடுக்காதே. பாட்டை அந்தரத்துல விட்டுட்டு வர்ற ஆளு எனக்கு வேணாம்."

அந்த நேரம் பார்த்து மத்தளம் வேகம் பிடித்தது. மத்தளம் இழுத்த இழுப்புக்குத்தான் மொத்தக் கமெலானும் போகும். காலியாக இருந்த என் இடத்தை வாகியோ பார்த்துவிட்டான், நான் எங்கே போயிருப்பேன் என்றும் புரிந்துகொண்டான். அக்கா கைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வருமா?

ஓடினேன். யாரோ ஒரு பெரியவரின் சூப் கிண்ணத்தை இடித்துத் தள்ளிவிட்டு வாத்தியங்களின் ஓரத்துக்கு வந்தபோது சுற்று முடிய எட்டுத் தட்டு பாக்கி. நேரே நாலு எட்டு வைத்தால் கோங். நடுவில் இரண்டு வாத்தியங்கள். சுற்றிப் போக நேரமில்லை. காலைத் தூக்கினேன். ஐம்பது வருஷப் பழக்கம், கால் தாண்ட மறுத்துவிட்டது. வாகியோ பல்லைக் காட்டினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

கடைசித் தட்டு விழுந்தது. ஒரு மூச்சு கழிந்தது.

கோங் முழங்கியது.

தட்டி ஓட்டையிலிருந்து மாவு அப்பிய ஒரு கை என் கோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மத்தளக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு எண்ணிக்கை தப்புமா? வாகியோ காட்டிய பல்லை உள்ளே இழுத்துக்கொண்டான்.

நான் சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ஓட்டை வழியாகக் கோல் வந்தது, பின்னாலேயே குரலும் வந்தது.

"நேரத்துக்கு விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு" என்றேன், இரண்டு பாடகிகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே.