ஒரு ஹெட்போன் மதிப்புரைக்குத் திருத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்று தெரியாமல் நானே எழுதிய பொய். ஓர் இணையதளத்துக்காக வீட்டுப் பொருட்களைப் பாவித்துப் பார்த்து எழுதுவது என் வேலை. அரிசி குக்கர், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று எழுதிக்கொண்டிருந்தவளிடம் போன மாசியில் டிஜே ஹெட்போன் ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள். எவ்வளவு காலம் உழைக்கும், ஒலித்தரம் எப்படி? அதே ஹெட்போன் எங்கள் வீட்டில் ஒரு வருடமாக இருந்தது. சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

எழுதியது இதுதான்: 'மடக்குகள் உறுதி. வயர் தடிப்பு. காதுமெத்தை ஒரு வருடம் வியர்வை குடித்தும் உரியவில்லை. பேஸ் நெஞ்சுக்குள் இறங்குகிறது. ஆனால் எட்டாம் மாதத்திலிருந்து இடது பக்கம் மங்கிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டி வைத்துச் சமாளிக்கலாம்.'

கடைசி இரண்டு வாக்கியங்களும் பிழை. திருத்தம் போட ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதத் தைரியமில்லாமல்தான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கண்டியில் மழை பெய்துகொண்டிருந்தது.' வேண்டாம். கண்டியில் மழை பெய்யாவிட்டால்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது: 'மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பொன்றில் பிறந்த யுகேஷ், சின்ன வயதிலேயே இசையில்...' இதுவும் வேண்டாம். இப்படிப் போனால் அவன் கஷ்டப்பட்டு முன்னேறிய நாயகன் ஆகிவிடுவான். அவருக்கு அது பிடிக்காது. (பாருங்கள், ஒரு வாக்கியத்துக்கு மேல் 'அவன்' என்று எழுத வரவில்லை. கதாபாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் கதை கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும்.)

மூன்றாவது: 'யுகேஷ் என் கணவர். கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுகிறார்.' இதுவே இருக்கட்டும்.

3

டிஜேக்கள் ஹெட்போனை நம்மைப் போல மாட்டுவதில்லை. மண்டபத்தில் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டை ஒரு காதில் மட்டும் கேட்டு, இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கி, ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் மாற்ற வேண்டும். ஒரு காது மண்டபத்துக்கு, மற்றது அடுத்த பாட்டுக்கு. யுகேஷுக்குப் பன்னிரண்டு வருடமாக அந்த மற்றது இடது காதுதான்.*

* கண்டிப் பக்கத்துக் கல்யாண அல்பங்களில் ஓரமாக ஒருவர் இடது தோளை உயர்த்தி, தலையைச் சாய்த்து, ஹெட்போனை இடுக்கிக்கொண்டு நின்றால் அநேகமாக அவர் என் கணவர். பாதிப் படத்தில் முகம் இருக்காது.

இடது பக்கம் மங்குகிறது என்று சொன்னவர் அவர். நான் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. பொருளைச் சோதிக்காமல் எழுதுவது என் தொழிலில் பெரிய குற்றம். ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் காதை விட்டு என் காதை எப்படி நம்புவேன்? அப்படித்தான் நினைத்தேன்.

சித்திரையில் ஒரு கல்யாணத்தில் பாட்டு மாற்றும்போது தாளம் பிசகிவிட்டது. இரண்டு பாட்டும் ஒன்றையொன்று இடறிக்கொண்டு ஓடின. ஆடியவர்கள் நின்று அவரைப் பார்த்தார்கள். யாரோ கூவினார்கள். அரை நிமிடம்கூட இருக்காது. வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஹெட்போன் சரியில்ல லது. நீயேதான எழுதியிருக்க," என்றார்.

இந்த லதுஷா எழுதியதை லதுஷாவுக்கே சாட்சியாகக் காட்டினார். அதன் பிறகு சத்தத்தை இன்னும் கூட்டி வைத்துக்கொண்டார்.

4

(இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டு ஒரு முழுநாள் வீட்டைக் கழுவினேன்.)

குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மக்கீன் நானாவின் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். ரேடியோவிலிருந்து ஆம்பிளிஃபயர் வரைக்கும் திருத்துவார். யுகேஷ் இரண்டு தடவை அவரிடம் ஹெட்போனைக் கொடுத்து வாங்கியிருந்தார். மூன்றாம் தடவை நான் கொண்டுபோனேன். நானா அதைக் கழற்றவே இல்லை. ஒரு பாட்டைப் போட்டு என்னை மாட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கேட்டது. இடதும் வலதும் மாறும்படி திருப்பி மாட்டச் சொன்னார். அப்போதும் அப்படியேதான்.

"இதுல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி. முந்தின ரெண்டு தடவையும் இல்ல. அவர்ட மொகத்தப் பாத்துச் சொல்ல ஏலாமப் போச்சி."

கடையில் ஒரு கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்தேன். நானா என்னைப் பார்க்காத மாதிரி ஒரு ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார். பழுது ஹெட்போனில் இல்லையென்றால் வேறெங்கே என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

(நானாவை இன்னும் கொஞ்சம் கெட்டவராக எழுதலாமா என்று பார்த்தேன். இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டவர்தானே. ஆனால் நான் மூடிக்கொண்டு இன்றைக்குப் பதினொரு நாள்.)

அன்றைக்கு வீட்டில், நானா உள்ளே வயர் மாற்றிவிட்டார் என்று சொன்னேன். யுகேஷ் மாட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்ப நல்லாக் கேக்குது," என்றார். சத்தக் குமிழைப் பார்த்தேன். கடைசிவரை திருகியிருந்தார்.

இருக்கிற கொஞ்சத்தையும் அந்தச் சத்தம் தின்றுவிடும். நான் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு கல்யாணமும் அவர் காதிலிருந்துதான் கழிகிறது.

5

ஒரு சந்தேகம். அவருக்குத் தெரியாது என்று நான் எப்படி முடிவு செய்தேன்? சில மாதங்களாக டவுனில் நடக்கும்போது என்னைத் தன் வலது பக்கத்துக்கு மாற்றிவிடுகிறார். இடது பக்கம் வாகனம் வரும் பக்கம் என்பார். நான் அதை அன்பென்று எடுத்துக்கொண்டேன். [அன்பும்தான். இந்த வரியை வெட்ட வேண்டாம்.] தெரிந்தே என்னிடம் மறைக்கிறாரா? கதை எழுதுகிறவளுக்குத் தன் கதாபாத்திரத்தின் மனசு தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

காது வைத்தியர் உள்ளே பார்த்துச் சிரிக்கிறார். வெறும் குறும்பி, காதழுக்கு. எடுத்துவிடுகிறார். பஸ்ஸில் வரும்போது நானும் யுகேஷும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிக்கிறோம். (இதை மூன்று தரம் எழுதினேன். முருகா, இதுவாகவே இருக்கட்டும்.)

இல்லாவிட்டால், போனது போனதுதான். வலது காதை வைத்துப் பழகுகிறார். முதல் ஆறு மாதம் பிசகுகிறது, கோபப்படுகிறார், என்னோடு சண்டை பிடிக்கிறார். பிறகு தலை மறுபக்கம் சாய்கிறது.

மூன்றாவதில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நாள் குசினியில் கொதிதண்ணீர் என் கையில் கொட்டி, நான் கத்த, அவர் முன்னறையில் அப்படியே

இதை முடிக்கமாட்டேன். மூன்றிலும் இதுதான் சரளமாக எழுத வந்தது.

6

மதிப்புரையோ கதையோ, நான் எழுதுவதை வெளியே போகும் முன் படிக்கிறவர் ஒரே ஒருவர். அரிசி குக்கரைக்கூட விடாமல் படித்து, எந்த எழுத்துக்குக் கால் போடவில்லை, எங்கே அலட்டியிருக்கிறேன் என்று சொல்லுவார். ஆகவே முன்னே 'பாருங்கள்' என்று நான் சொன்னது பொதுவாக வாசகருக்கு இல்லை.

யுகேஷ், நேரில் சொல்ல வாய் வரவில்லை. பதினொரு நாளும் முயன்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போன் நல்ல சாமான். இரண்டு பக்கமும் ஒலி சுத்தம். நம்பாவிட்டால் திருப்பி மாட்டிக் கேளுங்கள், மேசையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை காது வைத்தியரிடம் நம்பர் எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை ஹேவாஹெட்டக் கல்யாணத்துக்கு அதற்குப் பிறகு போவதா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். இந்தக் கதையின் முடிவையும் நான் எழுதப்போவதில்லை, அது உங்களுடையது.

கோபம் வந்தால் வரட்டும். நான் குசினியில் இருக்கிறேன். படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். எவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும்.