ஆமைக் குஞ்சுகள் போன திசை

அடுத்தவருக்குப் புத்தி சொல்வதென்றால் ஜூலிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. முத்தியால்பேட்டையில் கடலைப் பார்த்த வீடு அவளுடையது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விடுகிறாள். அவர்களுக்காக ஒரு கையேடு எழுத உட்கார்ந்தவள் பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டாள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், சைக்கிளில் போங்கள், மீன் வாங்கப் பாத்திரம் கொண்டுபோங்கள். கடைசியில் ஒரு வரி: மாசி, பங்குனியில் எங்கள் மணலில் ஆமைக் குஞ்சுகள் பொரிக்கும், தொந்தரவு செய்யாதீர்கள்.

மாடியில் தங்கியிருந்த சந்திரகலா அதைப் படித்துவிட்டு, "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஜூலி பார்த்ததில்லை. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கண்ணால் பார்க்காமல் அந்த வரியை அச்சுக்குத் தருவதில்லை என்று வீம்பு பிடித்து, தினமும் விடியுமுன் மணலில் போய் நின்றாள்.

"ஆமை ஒனக்கு அப்பாயின்ட்மென்ட் குடுத்திருக்கா?" என்று கிண்டல் செய்தான் கணவன் மரிய அருண்.

ஒருநாள் மணல் அசைந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொங்கி வந்தன. தாய் முகம் பார்க்காமல், யாரும் வழி சொல்லாமல், பிறந்த நிமிடமே நடை. ஜூலி ஆண்டவரே என்று கைகூப்பினாள்.

பிறகுதான் கவனித்தாள். ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. நாயும் பைக்கும் திரிகிற தெருவைப் பார்த்து விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தன. எங்கே போகின்றன என்று நிமிர்ந்தாள். அவள் வீட்டு மாடி. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய பெரிய நட்சத்திரம் அங்கே ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளோடு இறக்கியிருக்க வேண்டும். விருந்தாளிகள் போட்டோ எடுக்கிறார்களே என்று விட்டுவைத்திருந்தாள்.

அந்த வெளிச்சத்தைத்தான் கடலென்று நம்பிப் போகின்றன. அருணுக்குப் போன் அடித்தாள். "ஸ்டார அணைங்க. எதுவும் கேக்காதீங்க, மொதல்ல அணைங்க."

மாடி இருண்டது. குஞ்சுகள் தயங்கி நின்றன. கிழக்கே கடல்மேல் வானம் லேசாக வெளுத்திருந்தது. ஒன்று திரும்பியது. இன்னும் சில திரும்பின. பிறகு எல்லாமே. அலை வந்து அள்ளிக்கொண்டது. அருணும் சந்திரகலாவும் ஓடிவந்து பக்கத்தில் நின்றார்கள். கடல் அவ்வளவு பெரிது, அவை அவ்வளவு சிறிது. ஜூலி அழுதுவிட்டாள்.

"இனிமே அந்த வரிய தைரியமா அச்சுக்குக் குடுக்கலாம்" என்றான் அருண்.

கொடுக்குமுன், அத்தனை புத்திமதிக்கும் மேலே, முதல் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தாள்: "மாசி, பங்குனி இரவில் எங்கள் வீட்டு வெளி விளக்கு எரிந்தால், தயவுசெய்து எங்களை எழுப்பித் திட்டுங்கள்."