சட்ஜத்துக்கு இறங்காத வீடு

சேக்காட்டில் உதயகுமாரின் வீடு போன ஐப்பசியில் தரையை விட்டு இடுப்பளவு எழும்பியது. நடுவில் ஓர் இரவு தவிர இன்று வரை இறங்கவில்லை. சரண் டீக்கடைக்கு எதிரே திரும்பினால் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

கட்டியபோது அந்த வீட்டுக்கு ஏறிப் போகப் படி இருந்தது. தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, கடைசியில் வீட்டுக்குள் இறங்கிப் போகப் படி வைக்க வேண்டியதாயிற்று. மழை வந்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் அழைக்காமலே விருந்துக்கு வரும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, செங்கல் தாங்காது என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள். அம்பத்தூரில் லேத் ஓட்டும் உதயகுமாருக்கு அலுத்துவிட்டது. தீபாவளி கழிந்ததும் பில்டருக்கே விற்றுவிடுவதென்று முடிவு செய்தார். கல் சுமந்து அந்த வீட்டைக் கட்டியவள் அவர் மனைவி வேம்புலியம்மாள். "நான் போனா இந்த ஊட்ல இருந்துதான் போவணும். நீ வேணா அபார்ட்மென்ட் போய்க்க" என்று சொல்லிவிட்டு, அவள் அவரோடு பேசுவதையும் அவருக்குச் சோறு போடுவதையும் நிறுத்தினாள்.

இவர்கள் மகள் நிஷா ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். வீட்டில் இருவரும் பேசாத நாட்களில் பொழுது போகாமல் யுகுலேலே ஒன்று வாங்கினாள். நாலு தந்தி, பார்க்கக் கிடாரின் குட்டி. யூடியூபில் ஒருவர் ஹங்கேரி நாட்டு ஸ்கேல் ஒன்றிலிருந்து கார்டு, அதாவது சுரக்கூட்டு, கட்டச் சொல்லிக்கொடுத்தார். ஏழு சுரத்தில் ஒன்றை எடு, ஒன்றை விடு, ஒன்றை எடு. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று அடுக்கு, மூன்றையும் சேர்த்து மீட்டு, அவ்வளவுதான். அதில் இரண்டாம் சுரத்தின் மேல் கட்டும் கார்டு பொல்லாதது. நாலு விரலும் நாலு வெவ்வேறு கட்டத்தில் நிற்க வேண்டும். முழங்கால் தண்ணீரில், கட்டில்மேல் உட்கார்ந்து, நிஷா அதை முதன்முதலாகச் சரியாக அழுத்திய நொடியில் வீடு எழும்பியது.

"இன்னாடி செஞ்ச? ஊடு ஆடுது!" என்று கத்திய வேம்புலியம்மாள், வாசல் வழியாகத் தண்ணீர் தானாக வடிவதைப் பார்த்ததும், "அட, ஆடட்டும் உடு" என்றாள். உதயகுமாருக்குத் தண்ணீர் பைப்பைப் பற்றித்தான் கவலை.

எதிர் அபார்ட்மென்ட் சுப்பராயன் சார் குடையோடு ஓடி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கச்சேரி கேட்டே தலை நரைத்தவர். "இது நம்ம சிம்மேந்திரமத்திம ராகம்மா! ஹங்கேரிக்காரனுக்கு யார் குடுத்தா?" என்று பூரித்துப்போனார். வீடு எழும்பியதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நிஷா கை எடுத்ததும் அவர் முகம் மட்டும் சுருங்கியது. "சட்ஜத்துல கொண்டுவந்து நிறுத்தும்மா. பாட்டை முடிக்காம விட்டா வீட்டுக்கு ஆகாது."

பெரியவர் சொல்கிறாரே என்று நிஷா முதல் சுரமான சட்ஜத்தின் கார்டை மீட்டினாள். வீடு தொப்பென்று உட்கார்ந்தது. போன தண்ணீரெல்லாம் திரும்பி வந்தது. இட்லி மாவுக் குண்டான் மிதந்து சாரின் முட்டியில் இடித்தது.

"யோவ் சாரே, ஊடு ஏறுறது உனுக்குப் பொறுக்கலையா? நாளைக்குப் பில்டர் வராரு!" என்று வேம்புலியம்மாள் அழுதுவிட்டாள். தானே வீட்டை ஏற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு சார் போனார். விடிந்ததும் வந்து, தண்ணீரில் நின்றபடி அந்த ராகத்தை ஆலாபனை செய்தார். நன்றாகத்தான் பாடினார், ஆனால் ஒரு செங்கல்கூட அசையவில்லை. சுரங்களை வரிசையாகப் பாடினால் வேலைக்கு ஆகாது, ஒன்றாக அடுக்க வேண்டும். பில்டரின் கார் தெருவில் திரும்பும்போது, இரவெல்லாம் முயன்று வீங்கிய விரலோடு நிஷா மறுபடி அந்தக் கார்டை அழுத்தினாள். வீடு எழும்பியது. சட்ஜத்துக்குப் போகாமல் அவள் தந்தியை அப்படியே கையால் பொத்தினாள். சார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், பாவம்.

பில்டரின் ஆள் டேப்போடு கீழே நின்று, "அண்ணாத்தே, எங்கேர்ந்து அளக்குறது?" என்று கேட்டார். உதயகுமார் வாசலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து மனைவியைப் பார்த்தார். "அளக்க வாணாம்பா. விக்கலை" என்றார். அன்றுதான் வேம்புலியம்மாள் அவருக்கு மறுபடி சோறு போட்டாள்.

இப்போது வீட்டுக்கு ஓர் இரும்பு ஏணி இருக்கிறது. மீட்டர் பார்க்க வருகிறவர் ஏணி ஆடுகிறது என்று மட்டும் குறை சொல்கிறார். மார்கழியில் மறுபடி ரோடு போட்டார்கள். நிஷா மறுபடி மீட்டினாள், வீடு இன்னும் கொஞ்சம் ஏறியது. சுப்பராயன் சார் சாயங்காலம் தவறாமல் வருகிறார். நிஷா ஒவ்வொரு கார்டாக வாசித்து, சட்ஜக் கார்டு மட்டும் பாக்கி இருக்கையில் நிறுத்துகிறாள். உடனே சார் எழுந்துவிடுகிறார். வாயைத் திறந்தால் சட்ஜம் வந்துவிடுமென்று, "வரேம்மா" என்றுகூடச் சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஏணியில் இறங்கி, தெருவைக் கடந்து, தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த ஒரு சட்ஜத்தைப் பாடுகிறார். அது காதில் விழுந்த பிறகுதான் வேம்புலியம்மாள் உலை வைக்கிறாள்.