பொயிண்டில் போட்ட டிக்கெட்

இப்றாஹிம் சும்மா கிடைக்கிற எதையும் நம்புகிற ஆள் இல்லை. பெயின்ற் வாளியோடு இலவசமாக ஒரு பிறஷ் வந்தால், வாளியைத் திறந்து உள்ளே பெயின்ற் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஓட்டமாவடியில் ஹாட்வெயார் கடை நடத்துகிறவருக்கு அந்தக் குணம் கொஞ்சம் வேண்டும்தான். இவருக்கு அது கொஞ்சம் என்ற அளவைத் தாண்டி வெகு காலமாகிறது.

கடனுக்குச் சீமெந்து கேட்டு யாராவது வந்தால் ஓம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அடுத்த நாள் வேலை நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், கேட்டவரின் வீட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளை விடுவார். ஆள் வேலைக்குப் போயிருந்தால் சீமெந்து உண்டு. சாரம் கட்டியபடி வாசலில் நின்றுகொண்டு “வாங்க முதலாளி” என்றால் இல்லை. இந்தப் பரீட்சை ஒருநாளும் பிழைத்ததில்லை என்று அவருக்கு ஒரு பெருமை.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய் மருமகன் இஷாம் கத்தாரிலிருந்து சொன்னான்: “மாமிக்கு டிக்கெட் போட்டாச்சி மாமா. காசு குடுத்து எடுக்கல்ல. கார்ட் பொயிண்டில எடுத்த.”

“பொயிண்டிலயா? அதென்ன பொயிண்ட்?”

“நாங்க கார்ட்டால சாமான் வாங்கக்குள்ள பேங்க் தாறது மாமா. சேத்து வச்சா டிக்கெட் எடுக்கலாம்.”

“பேங்க் சும்மா தருதா?” என்றார் இப்றாஹிம். அன்றைக்குப் பிடித்த சந்தேகம்தான்.

இஷாமோடு கத்தாரில் இருக்கும் மகள் முப்லிஹாவுக்கு இது தலைப்பிள்ளை. ஊரில் என்றால் பெண் தன் உம்மாவின் கையில்தான் பிள்ளை பெறுவாள். அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் பிரஷர் கூடிவிட்டது, விமானம் ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாவிட்டால் உம்மா போக வேண்டும். மனைவி நஸீறா, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சரக்கை வறுத்து இடித்து வைத்துவிட்டுப் பயண நாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்கு அப்பால் எங்கும் போயிராதவள் அவள்.

“பிஸ்னஸ் கிளாஸாம்,” என்றாள் கணவனிடம், வெட்கமும் சிரிப்புமாக. “கால நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாமாம்.”

“படுத்துக்கிட்டுப் போறத்துக்கு அதென்ன ஆஸ்பத்திரியா?”

இரவு முழுக்க அவருக்கு அதே யோசனை. பெரிய சீற் எடுக்கிற அளவுக்குப் பொயிண்ட் இருந்தால் அதிலே சாதாரண சீற் இரண்டு எடுத்திருக்கலாமே? மாமியோடு மாமாவையும் கூப்பிட்டிருக்கலாமே? மாமாவை மட்டும் ஏன் கழற்றிவிட்டான்? அடுத்த நாள் அதைக் கேட்டே விட்டார்.

“அப்படி எடுத்தா பொயிண்டுக்குப் பெறுமதி குறைவு மாமா. பெரிய சீற்றுல எடுத்தாத்தான் பெறுமதி கூட. பேக்கும் கூடக் கொண்டு வரலாம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நீங்க கடைய விட்டுட்டு வர ஏலாதுதானே,” என்றான்.

அந்த நிறுத்தம் இப்றாஹிமுக்குப் பிடிக்கவில்லை. கடன் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் பாதியில் நிறுத்துவார்கள்.

அவர் தன் பரீட்சையைத் தொடங்கினார். மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்ததும் மருமகனுக்குப் போனில் கோல் எடுப்பார். அங்கே அது காலை வேலை மும்முரமாக நடக்கிற நேரம். எடுத்த எடுப்பில் இஷாம், “வேலைலதான் நிக்கிறன் மாமா,” என்பான். ஒருநாள் அவன் அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் குக்கர் விசில் அடித்தது.

“கொம்பனிக்குள்ள சோறும் ஆக்குறாங்களா?”

“பக்கத்துல... பென்ட்ரில மாமா.”

வீடியோவில் வரச் சொன்னால் கமெராவை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டான். காதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி. இப்றாஹிமின் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கார்ட் யாருடையது? கொம்பனிக் கார்ட்டைச் சுரண்டிவிட்டானா? டிக்கெட்டே போலியா? நஸீறாவை வழியனுப்பத் தெருவில் பாதிப் பேர் வேன் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் வருவார்கள். அத்தனை பேர் முன்னால், “உம்மா, இந்த டிக்கெட் செல்லாது” என்று ஒரு பொடியன் சொன்னால் ஓட்டமாவடியில் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

“அந்த டிக்கெட்ட கென்சல் பண்ணுங்க,” என்றார் மருமகனிடம். “நான் காசுக்கு எடுக்கன். எனக்கும் உங்கட மாமிக்கும். சாதாரண சீற் போதும்.”

“மாமா, அத மட்டும் சொல்லாதீங்க.” இஷாமின் குரல் உடைந்தது. “கெஞ்சிக் கேக்கன் மாமா. மாமி அதுலயே வரட்டும்.”

ஒரு டிக்கெட்டுக்கு ஒருவன் இப்படிக் கெஞ்சுவானா? இப்றாஹிம் நஸீறாவின் பாஸ்போட்டை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரையில் செருகிக்கொண்டார். டிக்கெட் வந்த வழி தெரியாமல் அது வெளியே வராது என்று அறிவித்தும் விட்டார்.

நஸீறா அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. “எண்ட புள்ள அங்க தனியப் பெறணுமா?” என்று ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குள் போய்விடுவாள். மீன் ஆணத்தில் உப்பில்லை என்பதைக் கூட அவர் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆகவே அவர் கடையைப் பூட்டிவிட்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார். ஆற்றங்கரையைப் பார்த்தபடி டிராவல் ஏஜென்சி வைத்திருக்கும் சில்வெஸ்டர், அவரிடம்தான் கடைக்குப் பெயின்ற் வாங்கினவன். அந்த உரிமையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்து, டிக்கெட் நம்பரை முன்னால் வைத்தார்.

“தம்பி, இது மெய்யா பொய்யா?”

சில்வெஸ்டர் நம்பரைத் தட்டினான். “மெய்தான் முதலாளி. நஸீறா எண்ட பேர்ல கிடக்கு. முன்னுக்கு, ஜன்னல் சீற். மெத்தையில படுத்துக்கொண்டு போவா.”

“களவு ஒண்டும் இல்லையே?”

“இதுல என்ன களவு?” என்று சிரித்தான். “வீட்டுச் சாமான், பெற்றோல், கரண்ட் பில் எல்லாத்தையும் கார்ட்டால கட்டி, மாசம் முடியமுன்னம் கார்ட்டுக்குத் திருப்பிக் கட்டினா வட்டியும் இல்ல, பொயிண்டும் சேரும். அத பேங்க்ல குடுத்துக் கடைச் சாமான் எடுக்கிறவன் ஏமாளி. விளங்கினவன் பிளேன் கொம்பனிக்கு மாத்தி, பெரிய சீற்றா எடுப்பான். உங்கட மருமகன் விளங்கினவர் முதலாளி. வருசக்கணக்காச் சேத்திருக்கார்.”

இப்றாஹிமுக்கு இறங்க வேண்டிய பாரம் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது. கள்ளனைப் பிடிக்க வந்தவருக்குக் கள்ளன் இல்லை என்றால் எப்படி இருக்கும்?

“அப்ப கென்சல் பண்ணச் சொன்னா மருமகன் ஏன் அழுகிறான் தம்பி? பொயிண்ட் திரும்ப வராதா?”

“வரும். ஆனா...” சில்வெஸ்டர் கணினியை விட்டுக் கையை எடுத்தான். “அது வேற கதையா இருக்கும். ஆசையாச் சேத்தவன் லேசில ஒரேயடியாத் துடைச்சி எடுக்க மாட்டான் முதலாளி. கார்ட் மூடப்போகுது எண்டால்தான் அப்பிடி எடுக்கிற. கார்ட் மூடினா உள்ள கிடக்கிற பொயிண்ட் எல்லாம் போயிரும். அதால முதல்லயே எடுத்து, ஆருக்காவது பிரயோசனமா ஒரு டிக்கெட்டப் போட்டிருவாங்க.”

“கார்ட் ஏன் மூடுது?”

“சம்பளம் பேங்குக்கு வராம நிண்டா மூடிருவாங்கதானே.”

இப்றாஹிம் எழும்பினார். சில்வெஸ்டர் தேநீருக்குச் சொல்லியிருந்தான். அது வருமுன்னே அவர் படியிறங்கிவிட்டார்.

பஸ்ஸில் ஏறாவூர் தாண்டும்வரை அவருக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. குக்கர் விசில், முகத்தோடு ஒட்டிப் பிடித்த கமெரா, பாதியில் நின்ற பேச்சு எல்லாம் இப்போது தானாகவே வந்து வரிசையில் நின்றன. வேலை போய்விட்டது பொடியனுக்கு. மூக்கால் மோப்பம் பிடிக்கிற மாமனார் வந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் மாமிக்கு மட்டும் டிக்கெட். கையில் கடைசியாக மிஞ்சியிருந்ததை எடுத்து மாமியை மெத்தையில் படுக்கவைத்துக் கூப்பிடுகிறான். எதையோ மறைக்கிறான் என்று சந்தேகப்பட்டது சரிதான்; மறைத்தது மட்டும் களவல்ல. இப்றாஹிமுக்கு வெட்கமாக இருந்தது.

ஏன் மறைத்தான் என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறவன். இப்றாஹிமும் நஸீறாவின் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான். முதல் கடை இழுத்து மூடப்பட்ட காலத்தில், மாமியாருக்குத் தெரியக் கூடாதென்று காலையில் கடைச் சாவியோடு புறப்பட்டுப் போய், வாழைச்சேனைத் துறைமுகத்தில் பொழுது சாயும்வரை வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் அவர். ஒருவன் வேலை நேரத்தில் வீட்டில் நிற்பது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்துகொண்டே, அதை வைத்துத்தான் ஊரையெல்லாம் அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை நஸீறாவின் கையில் வைத்தார். “டிக்கெட் மெய்தான். பேக்க அடுக்குங்க,” என்றார். ஊர்ச் சந்தேகத்தையெல்லாம் உரக்கச் சொல்லியே பழகியவருக்கு, தெரிந்த ஒன்றை விழுங்குவது லேசாக இல்லை.

பேக்கை அவரே அடுக்கத் தொடங்கினார். பிள்ளைச் சட்டை, பத்தியச் சரக்கு எல்லாம் ஒரு மூலைக்குப் போயின. வயல் வட்டையிலிருந்து வந்த புது அரிசி, பருப்பு, குரக்கன் மா, கருவாடு, பால்மா என்று திணித்தார். நஸீறா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

“கத்தாரில அரிசி இல்லையா?”

“நம்மட அரிசி இல்லதானே.”

“இவ்வளவு காலமும் ஒரு புடி அரிசி அனுப்பாத மனிசன்,” என்றாள் அவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. “என்னத்தையோ மறைக்கிறீங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தேகப் பார்வை அவர் மேல் விழுந்தது. அது எப்படிக் குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரையில் செருகியிருந்த சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றினார். வீட்டின் முன்பக்கம் முப்லிஹாவுக்கென்று சீதனமாக எழுதியது. அவளும் இஷாமும் வரும்போது மட்டும் திறப்பது. அந்தப் பக்கத்துச் சாவியை அரிசிப் பையின் வாயில் வைத்துக் கட்டினார்.

“அதென்னத்துக்கு?”

“அவங்கட வீட்டுச் சாவிதானே. அவங்கட கைல கிடக்கட்டும்.”

நஸீறா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆணத்துக்குப் போடுகிற தேங்காய்ப் பால்மாப் பக்கெட்டுகளைக் கொண்டு வந்து அரிசிக்குப் பக்கத்தில் செருகினாள்.

அவள் போன மறுநாள் ளுஹர் தொழுதுவிட்டு வந்த இப்றாஹிம் போனை எடுக்கவில்லை. கல்லாவுக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, யாரோ ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். போன் தானே அடித்தது. இஷாம்தான்.

“மாமா, மாமி சுகமா வந்து சேந்துட்டாங்க. நல்லாத் தூங்கிட்டே வந்தாங்களாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“அரிசிப் பைய அவுத்தன். சாவி... கிடைச்சிச்சு மாமா.”

இப்றாஹிம் ஆணித் தட்டைத் தராசிலிருந்து இறக்கி வைத்தார்.

“மாமா, நான் வீட்டுலதான் நிக்கிறன்,” என்றான் இஷாம்.

அவனுக்குப் பின்னால் குக்கர் ஒரு தடவை விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது.

“தெரியும் மகன்,” என்றார் இப்றாஹிம். “குக்கர இறக்குங்க. அது புது அரிசி, குழஞ்சிரும்.”