ஃப்ளிப் என்றால் புரட்டிப் படுக்கவை

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவின் வாயிலிருந்து வந்த முதல் சொல் "டோஸ்டர்". பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் காட்டிய படத்தைப் பார்த்து வெடுக்கென்று சொன்னார். அடுத்தடுத்த படங்களுக்கும் தடங்கலில்லை. மிக்ஸர், கிரைண்டர், கெட்டில், ஓவன். பிறகு நான் அம்மாவின் போட்டோவை நீட்டினேன். உதட்டைக் குவித்தார், கண்ணை இறுக மூடினார், ஒன்றும் வரவில்லை.

அம்மாவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

"கெட்டில் ஞாபகம் இருக்கு. காலம்பூரா வெந்நீர் வச்சுக் குடுத்தவ ஞாபகம் இல்ல."

"ஞாபகம் எல்லாம் இருக்கும்மா. சொல்லுதான் வரல," என்றாள் பயிற்சிக்காரப் பெண்.

அப்பா பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர். அங்கே நாள் முழுக்கக் கத்திய இங்கிலீஷ் எப்படியோ தப்பித்துவிட்டது. வீட்டில் பேசிய தமிழ் மாட்டிக்கொண்டது. அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாமாம். அவர் அம்மாவை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக அம்மா கட்டில் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்தாள்.

வந்ததென்னவோ "ஃப்ளிப்". அம்மா ஓடிப்போய்த் தோசைக் கரண்டியை எடுத்து வந்தாள். அப்பா அதைப் பார்த்த பார்வையில் ஹோட்டல் பையன்கள் வேலையை விட்டே ஓடியிருப்பார்கள். மெத்தையைத் தட்டித் தட்டிக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது: புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதன்பிறகு நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். தோல் சீவும் பீல் என்றால் சட்டையைக் கழற்று. சிம்மர் என்றால் ஃபேனைக் குறை. ப்ரீஹீட் என்றால் குளிக்கத் தண்ணீர் காயவை. தட்டில் கடைசியாக அலங்காரத்துக்குத் தூவுவார்களே, அந்த கார்னிஷ், தலை வாரிவிடச் சொல்வது. இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. இங்கிலீஷ் மேலேயே பாய்ந்தாள்.

"வதக்குறது, வறுக்குறது, பொரிக்கிறது, எல்லாத்துக்கும் ஃப்ரைன்னு ஒரே சொல்லு. வெறும் தண்ணிக்கு மட்டும் பாயில், சிம்மர், ஸ்டீம்னு மூணு. வெந்நீர் குடிச்சே வளர்ந்த கூட்டம் போல. சமைக்கிற ஆளு குக்காம், பாத்திரம் குக்கராம். பாத்திரத்துக்குத்தான் மரியாதை!"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் பொறுமை தேய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் "என்ன சொல்றாரு, என்ன சொல்றாரு" என்று என்னையே பிடுங்கினாள். ஒருநாள் கத்தியே விட்டேன்.

"எனக்கு லீவு முடிஞ்சுபோச்சு. நாளைக்கு நான் ஆபீசுக்குப் போனா என்ன பண்ணுவே?"

"நீ போ. நாங்க பார்த்துக்கிறோம்," என்றாள் வீம்பாக.

மறுநாள் ஆபீசில் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கதவு சாத்தியிருக்க, உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

"ஃப்ளிப்பா? இப்பதானே பண்ணேன்? சும்மா கிடங்க."

அப்பா ஏதோ முனகினார்.

"சரி சரி, கோபம் வேண்டாம். சிம்மர்!"

உள்ளே போனேன். குளித்து, சட்டை மாற்றி, தலையணையில் சாய்ந்திருந்தார் அப்பா. அம்மா சீப்பை உயர்த்தி, "கார்னிஷ்?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். வகிடு எடுத்து வாரிவிட்டாள். என்னை இரண்டு பேரும் கண்டுகொள்ளவே இல்லை. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வாரி முடித்து அம்மா எழுந்து அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"செஃப்," என்றார் அப்பா.

அம்மா நின்றாள். "இது புதுசா இருக்கே. என்ன செய்யணுமாம்?"

"ஒண்ணும் செய்யச் சொல்லலம்மா. ஹோட்டல்ல எல்லாரும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க. அங்க அவர்தானே பெரியவரு."

"அப்போ தன்னையே கூப்பிட்டுக்கிறாரா?"

அப்பா வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். நன்றாக இருந்த கையை மெல்லத் தூக்கி, விரலை அம்மாவை நோக்கி நீட்டினார்.

"செஃப்."

அம்மா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு, "என்னங்க," என்று கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.